ஊர் வீடா, முறை வைத்துப் பார்ப்பதா?

ஞாபகம் தளர்ந்த அப்பாவை ஊரிலேயே ஆள் வைத்துப் பார்ப்பதா, பிள்ளைகள் வீட்டில் மாதமுறை வைத்துப் பார்ப்பதா? பல குடும்பங்களில் இரண்டாவதுதான் நியாயமாகத் தோன்றுகிறது, பாரம் பங்காகிறதே! (யாருக்கு நியாயம் என்பது வேறு கேள்வி.) என் கணக்கில் நோயாளிக்கு அது கொடுமை. மறதியைக் கொண்டுவரும் மூளை நோயான அல்சைமரில் பொதுவாகப் புதிய விஷயங்கள்தான் முதலில் மனதில் பதியாமல் போகின்றன. பல வருடம் புழங்கிய வீட்டில் இருட்டிலும் கழிப்பறைக்குப் போய்வருகிறவர், மகனின் அடுக்குமாடி வீட்டில் அதைத் தேடிப் பால்கனிக் கதவைத் திறந்து நிற்பார். கொஞ்சம் பழகும் நேரத்தில் அடுத்த வீட்டுக்குப் பெட்டி கட்டியாகிவிடும்.

ஊர் வீட்டிலும் ஆபத்து உண்டு. அணைக்காத கேஸ் அடுப்பு, சாப்பிட்டதை மறந்து மறுபடி விழுங்கிய சர்க்கரை மாத்திரை, தெருவில் இறங்கி வழி தவறுவது. இரவும் பகலும் நம்பகமான ஆள் இருந்தால்தான் அது சரிவரும்; சட்டைப்பையில் தொலைபேசி எண் எழுதிய அட்டையும் வேண்டும். ஆள் அமையாவிட்டால் ஒரே பிள்ளை வீட்டில் நிலையாக இருக்கட்டும். மற்றவர்கள் பணம் தருவதோடு, அவ்வப்போது வந்து தங்கிப் பார்த்துக்கொள்ளட்டும்.

எதை முடிவு செய்வதற்கும் முன்னால் மருத்துவரிடம் காட்டி வைட்டமின் பி12, தைராய்டு பரிசோதனை செய்துவிடுங்கள். அந்தக் குறைபாடுகளாலும் மறதி வரும். மருந்தில் சீராகவும் கூடும்.