ஆக்டின் பட்டையா, மொத்தப் புரதச் சாயமா?

புரதங்களை ஜெல்லில் பிரித்து, சவ்வுக்கு மாற்றி, தேடும் புரதத்தை ஆன்டிபாடியால் பட்டையாகக் காட்டும் சோதனைதான் வெஸ்டர்ன் பிளாட். அதில் ஜெல்லின் ஒரு குழியில் 20 மைக்ரோகிராம் புரதமும் பக்கத்துக் குழியில் 24 மைக்ரோகிராமும் இறங்கியிருந்தால், பட்டை தடித்தது மருந்தாலா, பிப்பெட்டாலா? இதைப் பிரித்தறியத்தான் எல்லா மாதிரியிலும் மாறாத ஒன்றால் வகுக்கிறோம். அந்த 'மாறாத ஒன்று' எது என்பதில்தான் வழக்கு.

பழைய பழக்கம், ஏறக்குறைய எல்லா செல்லிலும் இருக்கும் புரதங்களான பீட்டா ஆக்டின் (42 கிலோடால்டன்), ஜிஏபிடிஹெச், ட்யூபுலின். ஆன்டிபாடி எளிதில் கிடைக்கும், பட்டை பளிச்சென்று வரும். ஆனால் ஜிஏபிடிஹெச் குளுக்கோஸை உடைக்கும் பாதையின் நொதி. ஆக்சிஜன் குறைந்தால் பல செல்களில் அதன் அளவு ஏறும். செல்லின் சட்டகத்தையே குலைக்கும் மருந்தைச் சோதிப்பவர், அந்தச் சட்டகத்தின் புரதமான ட்யூபுலினை நம்புவது, திருடனிடமே சாவியைக் கொடுத்த கதை.

இதைவிடப் பெரிய தொல்லை செறிவடைதல். அரிதான இலக்குப் புரதம் தெரிய வேண்டுமென்று 30 மைக்ரோகிராம் ஏற்றுகிறோம். அதே குழியில் ஆக்டின் எப்போதோ உச்சத்தைத் தொட்டிருக்கும். இரு மடங்கு ஏற்றினாலும் பட்டை அப்படியேதான் இருக்கும். வரிசை முழுக்க அச்சடித்தாற்போல் ஆக்டின் பட்டை இருந்தால் எனக்கு நிம்மதி வராது, சந்தேகம்தான் வரும்.

மொத்தப் புரதச் சாயம் ஒரு தனிப் புரதத்தை நம்புவதில்லை. குழிக்குக் கீழே இறங்கிய தடம் முழுவதையும் கூட்டுகிறது. ஒன்றிரண்டு புரதம் ஏறி இறங்கினாலும் கூட்டுத்தொகை அசையாது. இவ்வகைச் சாயங்களில் போன்சோ எஸ் மலிவு. சில நிமிடங்களில் சிவப்பேறும், கழுவினால் போய்விடும், அதே சவ்வில் ஆன்டிபாடி போடலாம். ஆனால் உணர்திறன் குறைவு, குறைந்த அளவு ஏற்றினால் மங்கிவிடும். சாயமில்லா ஜெல்லில் புற ஊதா ஒளி பட்டதும் புரதத்திலுள்ள டிரிப்டோபன் என்ற அமினோ அமிலத்தோடு வினை நடந்து புரதம் ஒளிரும். சவ்வுக்கு மாற்றம் சரியாக நடந்ததா என்றும் அங்கேயே பார்த்துவிடலாம். டிரிப்டோபன் இல்லாத புரதம் தெரியாது என்பது உண்மைதான், தடம் முழுவதையும் கூட்டும்போது அது பெரிதாக உறுத்தாது. ஜர்னல் ஆஃப் பயாலஜிக்கல் கெமிஸ்ட்ரியின் வழிகாட்டலும் மொத்தப் புரதத்தின் பக்கம்தான் சாய்கிறது.

ஒரு புரதத்தின் பாஸ்பேட் ஏறிய வடிவத்தை அளப்பவருக்கு மட்டும் கணக்கு வேறு: அதே புரதத்தின் மொத்த அளவாலும் வகுக்க வேண்டும்.

என் தேர்வு மொத்தப் புரதம். ஆக்டினை விட மனமில்லாதவர் முதலில் 5, 10, 20, 40 மைக்ரோகிராம் என்று ஏற்றிப் பார்க்கட்டும். ஒவ்வொரு படியிலும் சமிக்ஞை இரட்டித்தால், அவர் ஆக்டினோடு எனக்குச் சண்டையில்லை.