கண்ணைப் பார்த்து நம்பினேன், 92,000 ரூபாய் போச்சு

திருகோணமலை ஆட்கள் கவனியுங்கள். பாவித்த லேப்டொப் வாங்கப் போய் 92,000 ரூபாயைத் தொலைத்துவிட்டு எழுதுகிறேன். கொட்டியாரக்குடாவில் எறிந்திருந்தால் 'தொபுக்' என்று சத்தமாவது கேட்டிருக்கும். கடையின் பெயரைப் போடவில்லை, அது வேறு தலையிடி. நகரத்துக்குள் பாவித்த கணினி, போன் விற்கிற கடை என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

மகளுக்குக் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கோணேசபுரி வளாகத்தில் இடம் கிடைத்தது. லேப்டொப் இல்லாமல் முடியாது. சீட்டுக் காசை எடுத்துக்கொண்டு போனேன்.

இதில் வெட்கக்கேடு என்னவென்றால், பொய் சொல்பவரைப் பார்த்த மாத்திரத்தில் பிடிப்பேன் என்று வீட்டில் பீற்றிக்கொண்டு திரிந்தவள் நான். ஆறு மாதமாக இரவிரவாக உடல்மொழிக் காணொளிகள். மூக்கைத் தடவினால் பொய், கண் மேலே வலப்பக்கம் போனால் கட்டுக்கதை, பாதம் வாசலைப் பார்த்தால் ஆள் தப்ப நினைக்கிறார். மீன்காரரைக்கூட விடவில்லை.

கடை முதலாளி என் கண்ணை நேரே பார்த்தார். உள்ளங்கை இரண்டும் மேசையில் விரிந்து கிடந்தன. குரலில் ஒரு தடுமாற்றம் இல்லை. "அக்கா, கொம்பனி ஆள் ஒருத்தர் பாவிச்சது. தண்ணி பட்டதோ விழுந்ததோ ஒண்டும் இல்ல. மூண்டு மாசத்துக்கு நான் பொறுப்பு."

அவர் போன் பேச வெளியே போன நேரம், கடையில் நிற்கிற பெடியன் கிட்ட வந்தான். நிலத்தைப் பார்த்தபடி மூக்கைச் சொறிந்தான். "அன்ரி... அதை ஒருக்கா... கழட்டிப் பாத்திட்டு எடுங்கோவன்" என்று இழுத்தான். நான் படித்த அடையாளம் அத்தனையும் அவனிடம் இருந்தது. பார்வை கீழே, கை மூக்கில், கால் வாசல் பக்கம். இவன் வேறு கடைக்கு ஆள் பிடிக்கிறான் என்று முடிவு கட்டி, 92,000 ரூபாயை எண்ணி வைத்தேன்.

ஒன்பதாம் நாள் லேப்டொப் செத்துவிட்டது. வேறு கடையில் கழற்றிப் பார்த்தால் மதர்போர்டில் பச்சைப் பச்சையாகத் துரு. தண்ணீர் பட்டுப் பல காலம் என்றார்கள்.

பிறகு தொடங்கியது அலைச்சல். முதல் நாள், "கடல் காத்து அக்கா, இங்க எல்லாருக்கும் இப்பிடித்தான்." அடுத்த முறை முதலாளி கொழும்புக்குப் போய்விட்டாராம். அதற்கடுத்த முறை பில்லைத் திருப்பிக் காட்டினார்கள். 'விற்ற பொருள் திருப்பி எடுக்கப்படமாட்டாது' என்று சின்ன எழுத்தில் இருந்தது. மூன்று மாதப் பொறுப்பு? "வாயால சொன்னதுக்கு என்ன அக்கா செய்யிறது?" அப்போதும் முதலாளிக்கு அதே நேர்ப் பார்வை. அந்தப் பெடியனைக் காணவில்லை.

மகள் தேடி வாசித்துக் காட்டினாள், எரிகிற புண்ணில் புளி விட்டமாதிரி. 2006இல் வந்த ஒரு பெரிய தொகுப்பாய்வில், பொய்யையும் உண்மையையும் மனிதர்கள் சரியாகப் பிரித்தது சராசரியாக 54 சதவீதம்தானாம். காசைச் சுண்டினாலே 50. கண் வலப்பக்கம் போகிற கதையையும் 2012இல் சோதித்துப் பார்த்து, ஆதாரம் இல்லை என்று விட்டுவிட்டார்கள். 75 நாடுகளில் ஆட்களிடம் கேட்டபோது, பொய்யன் கண்ணைப் பார்க்கமாட்டான் என்றுதான் கூடுதலாகச் சொன்னார்களாம். அப்படியென்றால் ஏமாற்றுபவனுக்கும் அது தெரியும்தானே! அவன் கண்ணைத்தான் முதலில் பழக்குவான்.

நம்மூரில் இன்னொன்றும் இருக்கிறது. பெரியவர்களின் முகத்தைப் பார்த்துப் பேசாதே என்று பிள்ளைகளை வளர்ப்பதே நாம்தான். வேலை போய்விடுமோ என்ற பயத்தோடு உண்மை சொன்னவனின் மரியாதையைக் கள்ளம் என்று வாசித்தேன். 92,000 ரூபாயைவிட அதுதான் கூடச் சுடுகிறது.

எப்படித் தப்பலாம் என்று விரிவாக எழுதத்தான் இருந்தேன், கை நடுங்குகிறது. முகத்தைப் பார்க்காதீர்கள், பொருளைக் கழற்றிப் பாருங்கள். பொறுப்பு என்று சொன்னால் அதையே பில்லில் எழுதிக் கையெழுத்துக் கேளுங்கள். போன் என்றால் *#06# அடித்து வரும் இலக்கத்தைப் பெட்டியோடு ஒப்பிடுங்கள். நுகர்வோர் விவகார அதிகாரசபையின் இலக்கம் 1977, முறைப்பாட்டை மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். எனக்கு இன்று பதினேழாம் நாள். பில்லும் செத்த லேப்டொப்பும் பையில் இருக்கின்றன, விடிந்ததும் முறைப்பாடு கொடுக்கக் கச்சேரிக்கு, அதாவது மாவட்டச் செயலகத்துக்குப் போகிறேன்.