ஏழாவது வருஷம், அதே பில்லிங் சாஃப்ட்வேர்

வேலூர் லாங்கு பஜார் பக்கம் எங்கள் செருப்புக் கடை. சில்லறை வியாபாரத்தோடு கொஞ்சம் மொத்த வியாபாரமும் உண்டு. இந்த சாஃப்ட்வேரை 2019 தொடக்கத்தில் போட்டோம், காட்பாடித் தம்பி ஒருவர் எழுதியது. பழையதைத் தூக்கிப் போட்ட கதையைச் சொல்லிவிடுகிறேன். 2018 ஜூலை கடைசியில் செருப்புக்கு 5 சதவீத ஜிஎஸ்டி வரம்பு 500 ரூபாயிலிருந்து 1000 ஆனது. அந்த 500 புரோகிராமுக்குள்ளேயே புதைந்து கிடந்தது. புது வெர்ஷன் வரும்வரை பத்து நாள் கையால் பில் எழுதினோம்.

இதில் விலை வரம்பு, சதவீதம், அமலாகும் தேதி மூன்றும் ஒரு அட்டவணையில் இருக்கின்றன, நாமே மாற்றலாம். 2022 ஜனவரி 1 முதல் 1000 ரூபாய் வரைக்கும் 12 சதவீதம் என்று ஆனபோது தம்பி போனில், "அண்ணே, பழைய வரியை அழிச்சிடாதீங்க, கீழ புதுசா ஒரு வரி சேருங்க" என்றார். எந்த வரியைச் சொல்கிறார் என்று ஒரு நிமிடம் முழித்தேன். பொங்கல் சமயத்தில் விஷயம் விளங்கியது. டிசம்பரில் 800 ரூபாய் ஷூ வாங்கியவர் சைஸ் சரியில்லை என்று திருப்பிக் கொண்டுவந்தார். பில் நம்பரைத் தட்டியதும் விற்ற தேதியின் 5 சதவீதத்திலேயே, 40 ரூபாய் வரியோடு கிரெடிட் நோட், அதாவது திருப்பிய சரக்குக்கான வரவுச் சீட்டு, வந்தது. அன்றைய 12 சதவீதத்தைப் போட்டிருந்தால் 96. 2025 செப்டம்பர் 22 அன்று 2500 வரை 5 சதவீதம் ஆனதற்கு இரண்டு நாள் முன்பே அட்டவணையில் புது வரி சேர்த்து வைத்தோம். காலையில் தானாக மாறிக்கொண்டது.

நெட் போனாலும் பில் நிற்காது. இரண்டு கவுண்டருக்கும் தனித்தனி எண் வரிசை என்பதால், அப்புறம் நெட் வந்து கணக்கு சேரும்போது எண்கள் மோதுவதில்லை. ஸ்டாக் ரிப்போர்ட் மட்டும் வருஷத்துக்கு வருஷம் மந்தமாகிறது. மாதக் கடைசியில் ஓடவிட்டு டீ குடிக்கப் போய்விடுவேன்.

பெரிய குறை முகவரியில். 2019 நவம்பரில் ராணிப்பேட்டை தனி மாவட்டமானதும் ஆற்காடு, வாலாஜா கடைக்காரர்களின் விலாசத்தை மாற்றினோம். இப்போது அந்த வருஷ மே மாத பில்லைத் திரும்ப அச்சடித்தாலும் ‘ராணிப்பேட்டை மாவட்டம்’ என்றே வருகிறது. வரிக்குத் தேதி வைத்தவர் விலாசத்துக்கு வைக்கவில்லை. கேட்டால், "மாவட்டத்தைப் பிரிப்பாங்கன்னு நான் கண்டேனாண்ணே?" என்கிறார். அப்பாவின் பழைய பில் புக்கில் ‘வட ஆற்காடு மாவட்டம்’ என்று அச்சாகியிருக்கும். அதை 1989இல் பிரித்தபோது தம்பி பிறந்திருக்கவில்லை.