பழைய நூலகப் பட்டியலை மார்க் 21-க்கு மாற்ற: மார்க்எடிட்டா, ஓப்பன்ரிஃபைனா, பைத்தானா?

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் அடித்தபோது, பழைய வண்ணாரப்பேட்டையில் இருக்கும் எங்கள் படிப்பகத்துக்குள் முழங்கால் அளவு தண்ணீர். கீழ்த்தட்டில் கட்டிவைத்திருந்த வார இதழ்கள் போயின, மேசைக்கு அடியில் இருந்த பழைய கம்ப்யூட்டரும் போனது. ஹார்டு டிஸ்க் மட்டும் எப்படியோ பிழைத்தது. ஆறாயிரத்துச் சொச்சம் புத்தகங்களின் பட்டியல் அதற்குள்தான் இருந்தது. பாதி வின்ஐசிஸ் என்ற பழைய நூலக மென்பொருளில், மீதி எக்ஸெலில். எல்லாவற்றையும் நூலகப் பதிவுகளுக்கான பொது வடிவமான மார்க் 21-க்கு மாற்றி, கோஹா என்ற நூலக மென்பொருளில் ஏற்றிவிடலாம் என்று ஒரே கூட்டத்தில் முடிவானது. எதை வைத்து மாற்றுவது என்பதில்தான் இரண்டு மாதம் இழுத்தது.

ஆங்கிலப் புத்தகங்களுக்கு இந்த அலசலே தேவையில்லை. ஐ.எஸ்.பி.என். என்ற புத்தக அடையாள எண் இருந்தால் கோஹாவிலிருந்தே, மற்ற நூலகங்களின் பட்டியலில் தேடி எடுக்க உதவும் இசட்39.50 நெறிமுறை வழியாக அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் பதிவை இழுத்துக்கொள்ளலாம். எங்கள் சிக்கல், ஐ.எஸ்.பி.என். இல்லாத பழைய தமிழ்ப் புத்தகங்கள். போதாக்குறைக்கு அவற்றின் தலைப்புகள் பாமினி எழுத்துருவில் அடிக்கப்பட்டவை. எழுத்துருவை எடுத்துவிட்டால் வெறும் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத்தான் தெரியும்.

மூன்று வழிகளையும் முயன்று பார்த்தோம். விலை விஷயத்தில் மூன்றும் ஒன்றுதான், காசு கிடையாது.

முதலில் பைத்தான் என்ற நிரல்மொழி. எங்கள் தெருவில் இன்ஜினியரிங் முடித்திருந்த ஒரு தம்பி ஆர்வமாக வந்தான். வின்ஐசிஸ் வெளியே தள்ளும் ஐஎஸ்ஓ 2709 என்ற பரிமாற்ற வடிவக் கோப்பில் எண்பது எழுத்துக்கு ஒருமுறை வரி உடைந்திருந்தது. அதை ஒட்டவைத்து, எங்கள் ஆட்கள் 200 என்ற எண்ணுள்ள புலத்தில் (ஒரு விவரத்துக்கான இடம்) போட்டிருந்த தலைப்பை மார்க்கின் 245-க்கும், 300-இல் இருந்த ஆசிரியரை 100-க்கும் கொண்டுபோக வேண்டும். ஒரே ராத்திரியில் எழுதிவிட்டான். மறுநாள் பார்த்தால் பதிவுகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கிடக்கின்றன.

காரணம் சுவாரசியமானது. மார்க் பதிவின் தொடக்கத்தில் 24 இடங்கள் கொண்ட தலைப்பகுதி, அதை அடுத்து ஒரு அட்டவணை. எந்தப் புலம் எங்கே தொடங்குகிறது, எவ்வளவு நீளம் என்று புலத்துக்குப் பன்னிரண்டு இடங்களில் அந்த அட்டவணை சொல்லும். அந்த நீளம் பைட் கணக்கு, அதாவது கம்ப்யூட்டரில் பிடிக்கும் இடத்தின் அளவு. தம்பி எழுத்துக் கணக்கில் போட்டுவிட்டான். 'நூல்' என்ற சொல் நம் கண்ணுக்கு இரண்டு எழுத்து, யூனிகோடுக்கு நான்கு குறி, அதைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் பன்னிரண்டு பைட். ஆங்கிலத்தில் இரண்டு கணக்கும் பெரும்பாலும் ஒன்றாகவே வந்துவிடுவதால் இந்தத் தப்பு தெரியாது. தமிழில் முதல் பதிவிலேயே குட்டு வெளிப்பட்டுவிட்டது. பைமார்க் என்ற ஆயத்த நிரல்தொகுப்புக்கு மாறியதும் சரியானது. கணக்கை அதுவே பார்த்துக்கொள்கிறது.

ஓப்பன்ரிஃபைன் வேறு ரகம், அட்டவணைத் தரவைச் சீராக்கும் மென்பொருள். பிரவுசரில் திறந்தாலும் வேலை நம் கம்ப்யூட்டரிலேயே நடக்கிறது, தரவு வெளியே போவதில்லை. ஆசிரியர் பெயர்களைச் சீராக்க இதை அடிக்க ஆள் இல்லை. 'ச. சண்முகம்', 'சண்முகம், ச', 'சண்முகம் ச.' மூன்றையும் ஒரே கொத்தாகக் காட்டி, ஒன்றாக்கட்டுமா என்று கேட்கும். 'எஸ். சண்முகம்' மட்டும் தனியாக நிற்கும், அதை நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும். உச்சரிப்பை வைத்துச் சேர்க்கும் முறைகளும் உண்டு. ஆனால் அவை ரோமன் எழுத்துக்கானவை, நமக்கு உதவாது. பெரிய குறை, மார்க் கோப்பை இதிலிருந்து நேராக எடுக்க முடியாது. கடைசியில் ஒரு அட்டவணையாக வெளியே எடுத்து வேறொன்றிடம் கொடுக்க வேண்டியிருக்கிறது.

அந்த வேறொன்றுதான் மார்க்எடிட். டெரி ரீஸ் என்ற அமெரிக்க நூலகர் பல்லாண்டுகளாகப் பராமரித்துவரும் மென்பொருள். இதைத்தான் நாங்கள் வைத்துக்கொண்டோம். என் சாய்வும் இந்தப் பக்கம்தான் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வேகத்திலோ வசதியிலோ இது மற்றவற்றை மிஞ்சிவிடவில்லை. தம்பியின் நிரல் ஆறாயிரம் பதிவையும் கண் மூடித் திறப்பதற்குள் முடித்துவிடும். ஆனால் இந்த வேலையை ஒரே தடவையில் யாரும் முடித்ததில்லை. மாற்ற வேண்டும், ஏற்ற வேண்டும், தப்பைப் பார்க்க வேண்டும், திரும்ப மாற்ற வேண்டும். நாங்கள் நான்கு முறை செய்தோம். இரண்டாவது முறைக்கும் மூன்றாவது முறைக்கும் நடுவில் தம்பிக்குச் சிறுசேரியில் வேலை கிடைத்துவிட்டது. வண்ணாரப்பேட்டையிலிருந்து சிறுசேரிக்குப் போய் வருவதிலேயே அவனுடைய நாள் முடிந்துவிடும், போனில் எவ்வளவுதான் கேட்பது? நூலகத்தைப் பார்த்துக்கொள்ளும் அக்கா, நிரல் ஓடும் அந்தக் கறுப்புத் திரையைப் பார்த்துவிட்டுச் சொன்னது இது: "நான் ஒண்ணு தட்டி வேற ஒண்ணு ஆச்சுன்னா யாரைப்பா கேக்குறது?" என்னிடம் பதில் இல்லை.

மார்க்எடிட்டில் எக்ஸெலின் எந்தப் பத்தி எந்தப் புலத்துக்குப் போக வேண்டும் என்பதை ஒருமுறை சொல்லி, வார்ப்பாகச் சேமித்துவிடலாம். அடுத்த முறை அக்கா அதைத் திறந்து கோப்பைக் காட்டினால் போதும். பிறகு செய்ய வேண்டிய திருத்தங்களையும் வரிசையாக ஒரு டாஸ்க்காகச் சேர்த்துவைக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, மார்க் பதிவை அது சாதாரண எழுத்துக் கோப்பாக உடைத்துக் காட்டுகிறது. =245 என்று தொடங்கும் வரியில் தலைப்பு, =100 வரியில் ஆசிரியர், =952 வரியில் கோஹாவுக்கான பிரதி விவரம். அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விரல் வைத்துப் படித்து, "இதுல பதிப்பாளர் இடத்துல ஊர் வந்திருக்கு" என்கிறார். நிரலுக்குள் விரல் வைத்துப் படிக்க அவரால் முடியாது.

ஓப்பன்ரிஃபைனும் செய்த வேலைகளை வரிசையாகச் சேமித்து வேறு கோப்பில் திரும்ப ஓட்டும், உண்மைதான். ஆனால் ஒவ்வொரு கட்டமாகக் கையால் திருத்தியவை அந்த வரிசையில் சேராது. இது தெரியாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் திருத்தியதை இழந்தோம். மார்க்எடிட்டிலும் கோப்பில் கையால் திருத்தினால் அடுத்த ஓட்டத்தில் அதே கதிதான். இப்போது கைத்திருத்தம் எல்லாம் மூல எக்ஸெலிலேயே என்று வைத்துக்கொண்டிருக்கிறோம்.

ஏன் நான்கு முறை? முதல் முறை, பதிவு எண்களின் முன்னால் இருந்த சுழியங்களை எக்ஸெல் தின்றுவிட்டது. புத்தக முதுகில் 00417, கோஹாவில் 417. இரண்டாவது, தலைப்பகுதியில் எழுத்துமுறையைச் சொல்லும் 9-ஆம் இடம் காலியாகப் போனது. அங்கே ஆங்கில 'a' இருந்தால் யூனிகோடு, காலி என்றால் மார்க்-8 என்ற பழைய எழுத்துமுறை என்று பொருள். மார்க்-8-இல் தமிழுக்கு இடமே கிடையாது. மூன்றாவது முறைதான் மண்டையைக் காயவைத்தது. 'கௌரவம்' என்று தேடினால் புத்தகம் வரவில்லை, அலமாரியில் இருக்கிறது!

பாமினியில் 'ள' எழுத்துக்கும் ஔகாரக் குறியின் பின்பாதிக்கும் ஒரே விசை. யூனிகோடாக மாற்றியபோது அது 'கெளரவம்' ஆகிவிட்டது. திரையில் பார்த்தால் ஏறக்குறைய ஒன்றுபோல இருக்கும், தேடலுக்கு இரண்டும் வேறு வேறு. எகரக் கொம்பும் 'ள'வும் சேர்ந்து வரும் இடத்தையெல்லாம் ஔகாரமாக மாற்றிவிடலாமே என்று நான் கிளம்பினேன். நல்லவேளை, முதலில் நூறு பதிவில் ஓட்டிப் பார்த்தேன். 'வெள்ளி', 'வெளி' எல்லாம் உடைந்து தொங்கின. கடைசியில், 'ள'வுக்குப் பின் புள்ளியோ உயிர்க்குறியோ வராவிட்டால் மட்டும் மாற்று என்று ஒரு விதி எழுதி டாஸ்க்கில் சேர்த்தோம். 'வெளக்குமாறு' என்று பேச்சு வழக்கில் யாராவது தலைப்பு வைத்திருந்தால் அது 'வௌக்குமாறு' ஆகும். எங்களிடம் அப்படி ஒரு புத்தகம் இல்லை.

மார்க்எடிட்டில் எனக்கும் ஒரு உறுத்தல் உண்டு. இலவசம்தான், ஆனால் திறந்த மூலம் அல்ல. ஒரே மனிதரின் உழைப்பை நம்பி நிற்கிறது. மற்ற இரண்டும் அப்படி அல்ல. சாதாரண எழுத்துக் கோப்பாகவும் வெளியே எடுத்துக்கொள்ளலாம் என்பதால் நான் பயப்படவில்லை. லட்சம் பதிவு உள்ள நூலகம், சம்பளத்துக்கு நிரல் எழுதும் ஆள் உண்டு என்றால் பைமார்க் பக்கம் போவதுதான் சரியாக இருக்கும் என்று நினைக்கிறேன். அந்த அளவில் நான் வேலை செய்ததில்லை. வின்ஐசிஸ் கோப்பை உடைக்க நாங்களும் தம்பியின் நிரலைத்தான் நம்பினோம். அது ஒரே தடவை வேலை, அதனால் கவலையில்லை.

எதை எடுத்தாலும் கோஹாவில் ஏற்றும்போது நேராக ஏற்றாமல் முதலில் தற்காலிக இடத்தில் வைத்துப் பாருங்கள். ஏற்றிய பிறகும் அந்தத் தொகுதியை மொத்தமாகத் திரும்பப் பெற அங்கே ஒரு பொத்தான் இருக்கிறது. எங்கள் படிப்பகத்தில் அதிகம் தேய்ந்த பொத்தான் அதுதான்.

இப்போது கையெழுத்து ரிஜிஸ்டரில் மட்டும் எண்ணூறு புத்தகம் பாக்கி. பல பக்கங்களில் தண்ணீர்க் கறை. அக்கா ஞாயிறுதோறும் உட்கார்ந்து எக்ஸெலில் அடிக்கிறார், பதிவு எண் பத்தியை முதல் வேலையாக டெக்ஸ்ட் என்று மாற்றிவிட்டு.