பழைய ஹைலக்ஸுக்கு 5எல் இஞ்சின்: மூன்று ஆண்டு ஓட்டிய பிறகு

அப்பா வாங்கிய டோயோட்டா ஹைலக்ஸ் அது. மலேசியாவின் சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள தோட்டங்களில் உரமும் செம்பனைக் குலையும் ஏற்றியே அதன் 2எல் வகை டீசல் இஞ்சின் தேய்ந்துவிட்டது. காலையில் ஸ்டார்ட் செய்தால் வெள்ளைப் புகை வீட்டு வாசலை மூடும். பாரத்தோடு மேடு ஏறினால் முதல் கியரிலும் திணறும். ஆனால் சேசிஸில் துரு இல்லை, அதனால் விற்க மனம் வரவில்லை. 2022-இல் இஞ்சினை மாற்றுவது என்று முடிவு செய்தேன்.

முதலில் ஆசைப்பட்டது டோயோட்டாவின் 1கேஇசட்-டிஇ இஞ்சினுக்கு. 3 லிட்டர், டர்போ, நல்ல இழுவை. எங்கள் வண்டியைப் பழுது பார்க்கும் போர்மன் (மெக்கானிக்) அண்ணன்தான் தடுத்தார்: "தம்பி, அதுல டீசல் பம்பு எலக்ட்ரானிக். ஈசியூ கம்ப்யூட்டர், வயரிங் எல்லாம் சேர்த்து மாத்தணும். மழைக்காலத்துல உன் மண் ரோட்டுல தண்ணி ஏறுனா யார் பார்க்கறது?" அவர் காட்டிய வழி 5எல். பழைய 2எல்லும் இதுவும் ஒரே குடும்பம். அது 2,446 சிசி, இது 2,986 சிசி. டர்போ கிடையாது, பம்பும் மெக்கானிக்கல். பழைய கியர்பாக்ஸிலேயே உட்கார்ந்துவிடும்.

ஹாஃப் கட் கடையில் (இறக்குமதியான பழைய வண்டிகளின் பாகங்களை விற்கும் கடை) கிடைத்தது ஹையேஸ் வேனிலிருந்து எடுத்த இஞ்சின். வாங்கும் முன் கம்ப்ரஷன் பார்த்தோம், ஓட விட்டு ஆயில் மூடியைத் திறந்து புகை வருகிறதா என்றும் பார்த்தோம். சம்ப் (அடியிலுள்ள ஆயில் தொட்டி), மவுண்டிங் (இஞ்சினைத் தாங்கும் பிடிகள்) இரண்டையும் பழைய இஞ்சினிலிருந்து கழற்றிப் போட்டார் அண்ணன். டைமிங் பெல்ட், வாட்டர் பம்பு, கிளட்ச் எல்லாம் புதுசு. கூலியோடு ஏறக்குறைய 9,000 ரிங்கிட் ஆனது.

நான் தடுமாறியது தாள் வேலையில். கடைக்காரர் இஞ்சினைக் கொடுத்தார், ஆனால் சுங்கத்துறையின் கே1 என்ற இறக்குமதிப் படிவத்தைக் கொடுக்க வாரக்கணக்கில் இழுத்தடித்தார். அது இல்லாமல் ஜேபிஜேயில் (சாலைப் போக்குவரத்துத் துறை) வேலை நகராது. புஸ்பாகோம் நிலையத்தில் வாகனச் சோதனை முடிந்து, கிரானில் (வண்டியின் உரிமைப் பத்திரம்) புது இஞ்சின் நம்பர் ஏறும்வரை வண்டி வீட்டிலேயே நின்றது. முழுப் பணத்தையும் கொடுக்கும் முன் ரசீதையும் கே1-ஐயும் கையில் வாங்கிவிடுங்கள். சிசி மாறுவதால் ரோடு டேக்ஸும் மாறும், இன்சூரன்ஸிலும் சொல்லிவிட வேண்டும்.

இப்போது 58,000 கிலோமீட்டர் ஓடிவிட்டது. முன்பு முதல் கியரில் திணறிய அதே மேட்டை அதே பாரத்தோடு இரண்டாவது கியரில் ஏறுகிறது. வேகம் பெரிதாகக் கூடவில்லை, எனக்கு அது வேண்டியதும் இல்லை. டீசல்தான் கொஞ்சம் அதிகம்: லிட்டருக்கு 10 கிலோமீட்டர் போனது 9 ஆகிவிட்டது. 2024 ஜூனில் தீபகற்பத்தில் டீசல் 2.15 ரிங்கிட்டிலிருந்து 3.35-க்கு ஏறியபோது அந்த ஒரு கிலோமீட்டர் பையைக் கடித்தது. புடி மடானி என்ற அரசு உதவித்தொகையில் வந்த மாதம் 200 ரிங்கிட் ஓரளவு தாங்கிப் பிடித்தது.

தொல்லைகள் இரண்டு வந்தன. மாற்றிய புதிதில் ஒரு நீண்ட ஏற்றத்தில் டெம்பரேச்சர் முள் சரசரவென்று ஏறியது. உடனே நிறுத்தினேன். சூடு ஏறினால் எல் வகை இஞ்சினில் ஹெட் விரிசல் விடும் என்று அண்ணன் முன்பே சொல்லியிருந்தார். பழைய ரேடியேட்டர் இந்த இஞ்சினுக்குப் போதவில்லை. மூன்று வரிசை ரேடியேட்டர் போட்டு ஃபேன் கிளட்சையும் மாற்றியபின் முள் பாதிக்கு மேல் போனதே இல்லை. இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும்.

அப்புறம் டீசல் ஃபில்டர். இங்கே நான் அடித்தது செம்பனை எண்ணெயிலிருந்து செய்த பயோடீசல் கலந்த பி10 டீசல். பழைய டேங்கின் அடியில் கிடந்த கசடை அது கழுவிக்கொண்டு வந்து ஃபில்டரை அடைத்தது, பழைய ரப்பர் குழாய்களும் கசிந்தன. டேங்கைக் கழற்றிக் கழுவி, குழாய்களை மாற்றினேன். இப்போது 10,000 கிலோமீட்டருக்கு ஒரு ஃபில்டர், இஞ்சின் ஆயில் 5,000-க்கு ஒரு முறை.

அடுத்தது டைமிங் பெல்ட். 1,00,000 வரை போகும் என்கிறார்கள். சேற்றில் ஓடும் வண்டி என்பதால் 80,000-லேயே மாற்றிவிடப் போகிறேன்.