அதே இரண்டு சீட்டு, இரண்டு விலை: லிமிட்டும் நோ-லிமிட்டும்

பெங்களூருவில் ரம்மி ஆடி வளர்ந்த தமிழர்கள் போக்கர் மேசைக்கு வந்ததும் கேட்கும் முதல் கேள்வி, "எந்தக் கை வந்தால் ஆடலாம்?" என்பதுதான். போக்கரின் ஒரு வகையான டெக்சாஸ் ஹோல்டெமில் மேசையில் விழும் ஐந்து சீட்டு எல்லோருக்கும் பொது; கைக்கு வருவது இரண்டே சீட்டு. அவை 1,326 விதமாக வரலாம். சீட்டின் மதிப்பையும், இரண்டும் ஒரே இனமா, வேறு இனமா என்பதையும் மட்டும் பார்த்தால் 169 வகைக்குள் அடங்கிவிடும். இந்த 169 வகையையும் வரிசைப்படுத்திய ஒரே பட்டியலை மனப்பாடம் செய்துகொண்டு, கட்டும் தொகைக்கு வரம்புள்ள லிமிட், வரம்பில்லாத நோ-லிமிட் இரண்டையும் ஆடுகிறவர்கள் ஏராளம். அது சரியே இல்லை என்பது என் உறுதியான கருத்து. ஒரு சுற்றில் எவ்வளவு கட்டலாம் என்ற விதி மாறினால் கையின் மதிப்பும் மாறிவிடும்.

பதின்மூன்று சீட்டு ரம்மியில் ஃபுல் கவுண்ட் 80. எவ்வளவு மோசமான கையை வைத்துக்கொண்டு கடைசிவரை நின்றாலும் அதற்கு மேல் ஏறாது. லிமிட் போக்கரும் அப்படித்தான். சிறிய கட்டு 10, பெரிய கட்டு 20 என்று முதலிலேயே முடிவாகிவிடும். ஒரு சுற்றில் எத்தனை முறை உயர்த்தலாம் என்பதற்கும் பொதுவாக வரம்பு உண்டு. நோ-லிமிட்டில் ஃபுல் கவுண்ட் கிடையாது. முன்னால் இருக்கும் சிப் முழுவதையும் எதிராளி எந்த நேரத்திலும் பணயத்துக்கு இழுக்கலாம். ரம்மி ஆடியவர்கள் லிமிட்டில் சீக்கிரம் தேறுவதற்கும் நோ-லிமிட்டில் அடி வாங்குவதற்கும் காரணம் இதுதான்.

ஏஸ்-ஜாக்கியை எடுத்துக்கொள்வோம். இரண்டும் வேறு இனம். பார்க்க அழகான கை. எதிராளியிடம் ஏஸ்-கிங். மேசையில் முதல் மூன்று சீட்டில் ஒரு ஏஸ் விழுகிறது. இருவருக்கும் ஏஸ் ஜோடி, ஆனால் துணைச்சீட்டு அவருடையதுதான் பெரியது. இந்த இரண்டு கைகளும் முழு ஆட்டம் மோதினால் ஏறத்தாழ நான்கில் மூன்று முறை ஏஸ்-கிங்தான் ஜெயிக்கும்.

லிமிட்டில் தொடக்கத்தில் 20 போட்டிருப்பீர்கள். பிறகு வரும் மூன்று சுற்றிலும் உயர்த்தாமல் ஈடு மட்டும் கட்டிக்கொண்டே போனால் 10, 20, 20. மொத்த நஷ்டம் 70. அடுத்த சில கைகளில் மீட்டுவிடலாம். இதையே நோ-லிமிட்டில், ஆளுக்கு 1,000 சிப்புடன், 5-10 பிளைண்டில் (சீட்டு வருவதற்கு முன்பே இருவர் கட்டாயமாக வைக்கும் தொகை) ஆடிப் பாருங்கள். அவர் 30 ஆக உயர்த்துகிறார், நீங்கள் ஈடு கட்டுகிறீர்கள், பிளைண்டில் இருந்த இருவரும் சீட்டைக் கவிழ்த்து விலகிவிடுகிறார்கள். நடுவில் 75. அவர் 75 வைக்கிறார், கட்டுகிறீர்கள். நடுவில் 225 ஆகிறது, 225 வைக்கிறார்; அதையும் கட்டுகிறீர்கள். கடைசிச் சீட்டில் மீதி 670-ஐயும் தள்ளுகிறார். அதற்கும் ஈடு கட்டினால் 1,000 போய்விட்டது. கை அதேதான், எதிராளியும் அவரேதான். ஏஸ்-பத்து, கிங்-ஜாக்கி, கிங்-குயின் எல்லாவற்றுக்கும் இந்தக் கதைதான். லிமிட்டில் இவை உழைத்துச் சம்பாதிக்கும் கைகள். நோ-லிமிட்டில் மற்றவர்களுக்கு முன்பே முடிவு சொல்லவேண்டிய இடத்தில் உட்கார்ந்திருந்தால், இவற்றில் பலவீனமானவற்றைத் தயங்காமல் கவிழ்க்க வேண்டும்.

சிறிய ஜோடிகளின் கதை நேர்மாறானது. கையில் இரண்டு ஐந்து. முதல் மூன்று பொதுச்சீட்டில் இன்னொரு ஐந்து விழும் வாய்ப்பு நூற்றுக்குப் பன்னிரண்டுக்கும் சற்றுக் குறைவு. அதாவது எட்டரை முறைக்கு ஒரு முறை. லிமிட்டில் ஒரே எதிராளிக்கு எதிராக 20 கட்டி அந்த ஐந்தை மட்டும் நம்பி உட்கார்ந்தால், ஒரு முறை விழுவதற்குள் விழாமல் போகும் ஏழரை முறைகளில் சுமார் 150 போகும். விழும்போது நடுவில் மற்றவர்கள் போட்டிருக்கும் 35-உம், பிறகு அவர் கட்டும் 50-உம், கூடுதலாக ஓர் உயர்த்தலும் சேர்ந்தாலும் 150-ஐ எட்டாது. நான்கைந்து பேர் உள்ளே இருந்தால்தான் லிமிட்டில் கட்டுபடியாகும். நோ-லிமிட்டில் 30 கட்டினால் அந்த ஏழரை தோல்விக்குச் செலவு 225. எதிராளியின் முன்னால் இன்னும் 970 இருக்கிறது. மூன்று ஐந்து உங்களிடம் இருப்பதை அவரால் ஊகிக்கவும் முடியாது. எப்போதும் முழுத்தொகையும் வராது, ஆனால் ஒரு பகுதி வந்தாலே போதும்.

ஒரே இனச் சீட்டுகள் விஷயத்தில் இரண்டு பக்கமும் நியாயம் உண்டு. ஒரே இனத்தில் ஐந்து சேர்ந்தால் வலுவான கை. நான்கு ஆட்டின் (ஹார்ட்) சேர்ந்து ஐந்தாவதற்குக் காத்திருக்கிறீர்கள், இன்னும் ஒரே சீட்டு வரவேண்டும். வாய்ப்பு ஐந்தில் ஒன்றுக்குச் சற்றுக் குறைவு. லிமிட்டில் நடுவில் 100 இருக்கும்போது எதிராளியால் 20-தான் வைக்க முடியும். 120-க்காக 20 கட்டுவது லாபம். நோ-லிமிட்டில் அவர் 100 வைத்து உங்களை விரட்டலாம். அதனால் கூட்டம் கூடும் லிமிட் மேசையில் ஒரே இனச் சீட்டுகளுக்கு நல்ல மதிப்பு. நோ-லிமிட்டிலோ, அந்த இனத்தின் ஏஸ் உங்களிடம் இருந்தால் துணிந்து ஆடலாம். எட்டு-ஆறு போன்ற சிறிய சீட்டுகளில் ஐந்தும் சேர்ந்த பிறகும் பெரிய ஆட்டினிடம் மொத்தத்தையும் இழக்கலாம்.

பட்டியலை நம்பி ஆடுவதும் லிமிட்டுக்குத்தான் கூடுதலாகப் பொருந்தும். இருவர் மட்டும் ஆடும் லிமிட் ஹோல்டெமை, கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தினர் செஃபியஸ் என்ற கணினி நிரலைக் கொண்டு ஏறத்தாழ முழுமையாகவே தீர்த்துவிட்டதாக 2015-இல் அறிவித்தார்கள். நோ-லிமிட்டில் முன்னால் உள்ள சிப் வரை எந்தத் தொகையையும் வைக்கலாம் என்பதால் கணக்கு பல மடங்கு விரிகிறது.

பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களுக்கு 2025 ஆகஸ்டில் வந்த மத்தியச் சட்டம் தடை போட்டது. அல்சூரில் எங்கள் குடியிருப்பில் ஞாயிறு மாலைகளில் காசில்லாமல் பிளாஸ்டிக் சிப் வைத்துத்தான் ஆடுகிறோம். எச்.ஏ.எல். விமானத் தொழிற்சாலையில் ஓய்வுபெற்ற மாமா ஒருவர், "தம்பி, காசு இல்லையென்றால் எல்லோரும் முதல் கையிலேயே மொத்தத்தையும் தள்ளிவிடுகிறார்களே" என்று குறைப்பட்டார். அவர் சொன்னது நியாயம். அதற்காகவே ஒவ்வொருவரின் சிப் கணக்கையும் நோட்டில் எழுதி அடுத்த வாரத்துக்குக் கொண்டுபோகிறோம். புதியவர்களுக்கு லிமிட்தான் முதலில். கைகளை ஒப்பிட்டுப் பார்க்க அதில் நிதானம் கிடைக்கிறது.

நோ-லிமிட்டுக்கு மாறுபவர்கள் சீட்டைப் பார்ப்பதற்கு முன் இருவர் முன்னாலும் இருக்கும் சிப்பைப் பார்க்க வேண்டும். உங்களிடம் 200-தான் மீதி என்றால், 30 கட்டி மூன்றாவது ஐந்துக்குக் காத்திருப்பது வீண். அந்த நிலையில் ஏஸ்-ஜாக்கி மறுபடியும் நல்ல கை.