வீல்சேரோடு கரை இறங்கினால்: கப்பல் டூரா, தனி வண்டியா, ஏறி இறங்கிச் சுற்றும் பஸ்ஸா?

கூட வரும் பெரியவரால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மூன்று படி ஏற முடியுமா, முடியாதா? சொகுசுக் கப்பல் பயணத்தில், கப்பல் ஒரு துறைமுகத்தில் நிற்க, நாம் இறங்கி ஊரைப் பார்த்து வரும் நாளின் திட்டம் முழுக்க இந்த ஒரு கேள்வியில்தான் நிற்கிறது. எவ்வளவு தூரம் நடப்பார் என்பது அதற்கு அப்புறம்.

கப்பல் நிறுவனமே நடத்தும் டூரின் பெரிய பலம் நேரம். பஸ் நெரிசலில் மாட்டினாலும் கப்பல் அந்த டூரில் போனவர்களை விட்டுவிட்டுப் போகாது. இத்தாலியின் சிவிட்டாவெக்கியா துறைமுகத்தில் இறங்கி ரோமுக்குப் போவது ஒரு வழியே சுமார் 80 கிலோமீட்டர். அவ்வளவு தொலைவுக்கு இந்தப் பாதுகாப்பு பெரிய விஷயம். ஆனால் டூர் விவரத்தில் "வீல்சேர் கொண்டுவரலாம்" என்று போட்டிருப்பதை நம்பிப் பணம் கட்டிவிடக் கூடாது. பல டூர்களில் அதற்கு அர்த்தம், வீல்சேரை மடித்து பஸ்ஸின் அடிப்பகுதியில் போட்டுக்கொள்ளலாம் என்பதுதான். ஆள் படி ஏறித்தான் ஆக வேண்டும். சுற்றுலா பஸ்ஸின் முதல் படி உயரம், மற்றவை குறுகல், பாதியில் ஒரு திருப்பம் வேறு. முட்டி மடங்காதவர் ஏறிவிடுவார், இறங்கும்போதுதான் திண்டாடுவார். நாலு இடத்தில் நிறுத்தினால் இந்தப் பாடு எட்டு தடவை.

லிஃப்ட் வைத்த பஸ் வேண்டுமென்றால், பயணத்துக்கு இரண்டு மூன்று மாதம் முன்பே கப்பல் நிறுவனத்தின் மாற்றுத்திறனாளி உதவிப் பிரிவுக்கு எழுதுங்கள். வீல்சேரின் அகலம், எடை, மடியுமா, பேட்டரி எந்த வகை என்பதையும் அதிலேயே சொல்லிவிடுங்கள். கப்பல் ஏறியபின் டூர் கவுன்டரில் கேட்டால் கிடைப்பது அபூர்வம். இன்னொன்று, வழிகாட்டி வீல்சேர் தள்ள மாட்டார். குழுவின் வேகத்துக்கு நீங்கள்தான் தள்ளிக்கொண்டு ஓட வேண்டும்.

துறைமுகத்திலிருந்து ஊர் பக்கம் என்றால் சாய்தளம் வைத்த தனி வேன்தான் என் தேர்வு. ஏதென்ஸ் இதற்கு நல்ல உதாரணம். பிரேயஸ் துறைமுகத்திலிருந்து நகர மையம் சுமார் 10 கிலோமீட்டர்தான். அக்ரோபொலிஸ் குன்றின் மேலே போக லிஃப்ட்டும் இருக்கிறது. கழிவறைக்கு நிறுத்தலாம், களைத்துப்போனால் அப்படியே திரும்பலாம். பதிவு செய்யும்போது "வீல்சேரில் உட்கார்ந்தபடியே ஏற முடியுமா, உள்ளே அதைக் கட்டிப் பிணைக்க பெல்ட் உண்டா" என்று எழுத்தில் பதில் வாங்குங்கள். 'வீல்சேர் வேன்' என்ற பெயரில் பின்பக்கம் இடமுள்ள சாதாரண வண்டி வந்து நிற்பதும் உண்டு. தாமதமானால் கப்பல் காத்திருக்காது. அதனால், ஏறி முடிக்கச் சொன்ன நேரத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்பே திரும்பிவிடும்படி திட்டமிடுங்கள். ஊர் நேரம் வேறாக இருந்தாலும் கடிகாரத்தில் கப்பல் நேரமே இருக்கட்டும்.

வேண்டிய இடத்தில் இறங்கி, அடுத்து வரும் பஸ்ஸில் ஏறிக்கொள்ளும் 'ஏறி இறங்கிச் சுற்றும்' பஸ் மலிவு. சாய்தளம் இருந்தாலும் வீல்சேருக்கு உள்ள இடம் பெரும்பாலும் ஒன்றே ஒன்று. அது நிரம்பியிருந்தால் வெயிலில் அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டும். இறங்காமல் ஒரு சுற்று பார்த்துவர மட்டும் இது சரிப்படும்.

எதில் போனாலும் பழைய நகரங்களின் கல் பாவிய தெருக்கள் ஒன்றுதான். வீல்சேரின் சின்ன முன்சக்கரம் கல் இடுக்கில் சிக்கினால் வண்டி சட்டென நிற்கும், உட்கார்ந்திருப்பவர் முன்னால் சரிவார். இடுப்பு பெல்ட்டைப் போட்டு, வண்டியைப் பின்னால் சாய்த்து, பெரிய சக்கரத்தில் மட்டும் தள்ளுங்கள். கப்பலிலிருந்து கரைக்கு இறங்கும் கேங்வேயும் அலை ஏற்ற இறக்கத்துக்கு ஏற்பக் காலையில் ஒரு சரிவு, மாலையில் ஒரு சரிவு. செங்குத்தாக இருந்தால் ஊழியரைக் கூப்பிட்டு, பின்புறமாகவே இறக்குங்கள்.

கப்பல் கரையில் கட்டாமல் கடலில் நங்கூரமிடும் ஊர்களில் இந்தக் கணக்கெல்லாம் மாறிவிடும். பயணிகளைக் கரைக்குக் கொண்டுபோகும் டெண்டர் படகுக்கும் கப்பல் மேடைக்கும் நடுவில் உள்ள இடைவெளி அலையில் ஏறி இறங்கும். பல நிறுவனங்கள் கனமான பேட்டரி ஸ்கூட்டரைப் படகில் ஏற்றுவதில்லை. அலை அதிகமென்றால் வீல்சேருக்கும் அந்த நேரத்தில் அனுமதி மறுப்பார்கள். கிரீஸின் சான்டோரினி தீவில் தனியாகப் போகிறவர்களைப் படகு விடுவது பழைய துறையில்; அங்கிருந்து மலைமேல் உள்ள ஃபிரா ஊருக்குப் போக கேபிள் கார் வரிசை, இல்லையேல் கழுதை, அதுவும் இல்லையேல் 600-ஐ நெருங்கும் படிகள். கப்பல் டூர்க்காரர்களை வழக்கமாக அதினியோஸ் துறையில் இறக்கி பஸ்ஸில் மேலே கொண்டுபோவார்கள். படியேற முடிந்தவருக்கு இங்கே மட்டும் கப்பல் டூர்தான் மேல். முடியாதவருக்கு, கப்பலின் மேல்தளத்திலிருந்து அந்த மலைவிளிம்பைப் பார்ப்பதே போதும். பாதிக் கப்பல் காலியாக இருக்கும், நல்ல நாற்காலியும் கிடைக்கும். இப்படிப்பட்ட ஊரில் தனி வண்டிக்கு முன்பணம் கட்டுவதானால், படகு மறுக்கப்பட்டால் பணம் திரும்புமா என்று கேட்டபின் கட்டுங்கள்.